நாலு டயரும் ஒரு அடுப்பும்

“நாலையும் மாத்தணும்ணே,” என்றார் பஞ்சர் கடைக்காரர். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டயரைப் பார்த்துச் சொன்னார்.

“நாலுமா?”

“நாலும்தான்.”

“போன மாசம் காத்து பிடிச்சப்பகூட ஒண்ணும் சொல்லலையே.”

“போன மாசம் நீங்க அடுப்பு ஏத்தப் போறேன்னு சொல்லலையே.” பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரால் முன் டயரை ஒரு தட்டுத் தட்டினார். “ஊருக்குள்ள ஓட்டிக்கலாம். அவ்வளவு எடைய வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம்னா, என் வாயால போங்கன்னு சொல்ல மாட்டேன்.”

கண்ணாடிக்காரர் குந்தி உட்கார்ந்து டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் ரப்பரைப் போலத்தான் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்தது கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, கடைகளின் முகப்பில் ஆளுயரத்துக்கு நிற்கும் கண்ணாடி எல்லாவற்றையும் வெட்டி, தன் பெரிய பிக்கப்பில் ஏற்றி, கீறல் விழாமல் கொண்டுபோய்ப் பொருத்துவது அவர் தொழில். தனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்டுக்கொண்ட பிறகு இன்னும் பத்துப் பேரைக் கேட்பது அவர் பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கும் தொழில்தான் காரணம். துணியைத் தப்பாக வெட்டினால் ஒட்டுப் போடலாம். மரத்தைத் தப்பாக அறுத்தால் ஆப்பு வைக்கலாம். கண்ணாடியைத் தப்பாக வெட்டினால் இன்னொரு கண்ணாடி வாங்கலாம், அவ்வளவுதான். அதனால் அவர் ஒரு ஜன்னலை அளந்தால், அளந்ததையும் அளப்பார். மாடியிறங்கி வண்டிவரை வந்த பிறகு சந்தேகம் வந்து மறுபடி ஏறுவார். “ஜன்னல் வளரப்போறதில்ல சார்,” என்று வீட்டுக்காரர்கள் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே அளவு நாடாவை நீட்டுவார். தொழிலில் இதுவரை ஒரு கண்ணாடிகூட அளவு தப்பியதில்லை. தொழிலுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு வாங்கக் குறைந்தது மூன்று நடை.

அடுப்பு மகளுடையது. வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் பாப்பா என்று பெயர். மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும் பாப்பா. ரொட்டி சுடப் படித்து, அடுத்தவர் கடைகளில் கையைச் சுட்டுக்கொண்டு தேறி, இப்போது தூரத்து ஊரில் ஒரு தோழியோடு சேர்ந்து சொந்தமாக ரொட்டிக் கடை திறக்கப் போகிறாள். இடம் தோழியுடையது, அடுப்பு இவளுடையது என்று பேச்சு. இரண்டடுக்கு இரும்பு அடுப்பு. சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு வாங்கி, தெருவே திரண்டு இறக்கியதில், அது கூடத்தைத் தாண்டி நகர மாட்டேன் என்று நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. டிவி பார்ப்பவர்கள் அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஏதாவது ஒரு கட்சியில் சேர வேண்டியிருந்தது.

“லாரியெல்லாம் எதுக்குப் பாப்பா? கண்டவன் கைல குடுத்தா தூக்கிப் போட்டுடுவான். உன் அடுப்ப நானே கொண்டுவந்து இறக்குறேன்,” என்று கண்ணாடிக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதாக ஏற்பாடு.

அவர் டயர்ச் செய்தியோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் கேட்பது அவள் குரல்தான். ஊரையே நேரத்துக்கு வழியனுப்புகிற குரல். வீட்டிலும் அது அதே சுருதியில்தான் பேசும்.

“டயர் மாத்தணுமாம்,” என்றார்.

“மாத்துங்க.”

“நாலையும்.”

“போய் வாங்கி மாட்டிட்டு வர வேண்டியதுதானே. ஞாயித்துக்கிழமை பாப்பா கெளம்பியாகணும். உங்க ஆராய்ச்சிய ஆரம்பிச்சுடாதீங்க, சொல்லிட்டேன்.”

“ஆராய்ச்சிக்கு இதுல என்ன இருக்கு? டயர் டயர்தானே.”

அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா, இதையே கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க. போன்ல பதிவு பண்ணி வச்சுக்குறேன்.”

டயர் கடையில் தரையிலிருந்து கூரைவரை டயர்கள். புது ரப்பர் வாசனை செருப்புக் கடையை ஞாபகப்படுத்தியது. கண்ணாடிக்காரர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். விற்பனையாளர் மிகவும் பொறுமையான மனிதர். அந்தப் பொறுமைக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்துவர அவருக்கு அதுவரை வாய்ப்புக் கிடைத்ததில்லை.

“பெரிய பிக்கப்பா சார்? வீலுக்கு எட்டு போல்ட்டு. சரி. ரோட்டு டயர் போடவா, கலப்பு டயர் போடவா, சேத்து டயர் போடவா?”

டயர் டயர்தானே என்று நம்பி வந்தவருக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

“மூணுக்கும் என்ன வித்தியாசம்?”

விற்பனையாளர் விளக்கினார். ரோட்டு டயர் தார் ரோட்டில் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சேற்று டயருக்குப் பெரிய பெரிய பல். சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறும், ஆனால் ரோட்டில் இரைச்சல் போடும். கலப்பு டயர் இரண்டிலும் பாதி.

“ரெண்டுல இருக்குற நல்லதுல பாதியா, கெட்டதுல பாதியா?”

விற்பனையாளரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, “ரெண்டும்தான் சார்,” என்றார்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“சார், அளவு டயர் மேலயே போட்டிருக்கு.”

“இருக்கட்டும்.”

அகலத்தை அளந்தார். பள்ளங்களின் ஆழத்தை அளந்தார். அதே வகையில் இன்னொரு டயரை உருட்டி வரச் சொல்லி, இரண்டும் ஒன்றுதானா என்று அளந்தார். ஒன்றுதான் என்று தெரிந்ததும் அவருக்கு அந்தக் கடையின் மேல் ஒரு நம்பிக்கை பிறந்தது. விளக்குப் போடும் நேரத்துக்கு, ரோட்டு டயர் என்று முடிவானது.

“வண்டி வாங்கும்போது வந்த அளவே இதுதான் சார். கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்.”

“எடுத்து வைங்க. வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு காலைல வந்துடுறேன்.”

வீட்டில் ஒரு வார்த்தை சொன்னார்.

“அப்பாடா,” என்றாள் மனைவி. “ஒரே நாள்ல முடிவு பண்ணிட்டீங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா?” தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “போற வழில கொஞ்ச தூரம் மண் ரோடு வருமே. மழை பெஞ்சிருந்தா இது வழுக்காதுல்ல?”

கண்ணாடிக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

“நான் சும்மாதான் கேட்டேன். நீங்க முடிவு பண்ணதையே வாங்குங்க,” என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் அவர் டயர் கடைக்குப் போனார். மாட்ட அல்ல, கேட்க.

அங்கேதான் மச்சான் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடமும் இதே போல ஒரு பிக்கப் உண்டு. அவரிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு வண்டி ஓட்ட வருகிறதோ இல்லையோ, எந்த வண்டியையும் அலட்சியமாகப் பார்க்க வந்துவிடும்.

“மாமா, உங்க வண்டி சிங்கம். அதுக்குப் போய்ப் பூனைச் செருப்பு வாங்கி மாட்டுறீங்க,” என்றார் மச்சான்.

“மண் ரோட்டுல வழுக்குமோன்னு உங்கக்கா கேட்டா.”

“அக்காவுக்கே தெரியுது பாருங்க. சேத்து டயர் போடுங்க. பெருசாப் போடுங்க. பெருசுக்கு இந்த இரும்பு வீல் செட் ஆகாது, அலாய் வீல் போடுங்க. ஒரு தடவை செலவு பண்ணா காலத்துக்கும் நிக்கும்.”

“எல்லாம் நின்னா போதுமா, ஓட வேணாமா?” என்று விற்பனையாளர் மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை. பழைய டயர்களைக் கழற்றி ஒரு லாரி பாரத்தோடு எங்கோ அனுப்பிவிட்டு, புதியவற்றை மாட்டிக் கொடுத்தார்.

வண்டி நேராகப் போகும்போது நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசி, யாரோ பலகையை அறுப்பது போலச் சத்தம் வந்தது. இடது பக்கம் திரும்பாமலே வீட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்று கண்ணாடிக்காரர் சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தார்.

“ஒண்ணுமில்ல மாமா. பாடிய கொஞ்சம் தூக்கி விட்டா சரியாப் போகும்.”

தூக்கி விட்டார்கள். உரசல் நின்றது. இப்போது வண்டி கண்ணாடிக் கடையின் ஷட்டருக்குள் நுழையவில்லை.

“ஷட்டரைத் தூக்கிடலாம் மாமா.”

“அடுப்ப எப்படி ஏத்துறது? வண்டியோட தரை என் நெஞ்சுக்கு வருதே.”

மச்சான் வண்டியையும் மாமாவின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கி விட வேண்டிய அடுத்த பொருள் மாமாதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்து, யாரும் கிளம்பாமலே போய்விட்டது. மகள் தோழிக்குப் போன் செய்து, “டயர் மாத்திக்கிட்டிருக்கோம்,” என்றாள். அந்தப் பக்கத்தில் தோழி எத்தனை டயர் என்று கேட்டாள் போலிருக்கிறது. “நாலுதான்,” என்றாள் மகள்.

அன்று மாலை மனைவி வாசலில் நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“கெளம்ப வேண்டிய நாள்ல வண்டிய வாசல்ல நிறுத்தி வச்சு அழகு பாக்குறோம். உங்களால என் பொண்ணு வாழ்க்கையே தாமதம்.” பிறகு குனிந்து ஒரு சக்கரத்தைத் தொட்டாள். “சக்கரம் என்னமோ நகை மாதிரிதான் இருக்கு. அடுப்போட எடைய தாங்கும்ல?”

“ஏன் தாங்காது?”

“தாங்கும்தான். எனக்கென்ன தெரியும்? நீங்க பாத்துத்தானே வாங்கியிருப்பீங்க.”

அவர் பார்த்து வாங்கியிருக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். எவ்வளவு எடை தாங்கும் என்று ஒவ்வொரு வீலின் உட்பக்கத்திலும் பொறித்திருந்தது. வண்டியின் எடை, அடுப்பின் எடை, மாவு மூட்டைகள், மகள், மனைவி, தன்னுடைய எடை என்று எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டி வகுத்துப் பார்த்தார். கணக்கு இடித்தது. தன் எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் இடித்தது.

மறுநாள் அலாய் வீல்களும் சேற்று டயர்களும் மச்சானின் பிக்கப்புக்கு மாறின. மச்சான் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பார்த்தவர்கள் அவருக்கு அது பொருத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள்.

“எடை தாங்குறதுல இதுக்கு மேல இல்லைங்குறதக் குடுங்க,” என்றார் கண்ணாடிக்காரர், டயர் கடையில்.

விற்பனையாளர் ஒரு பெருமூச்சு விட்டார். “அது கல் குவாரி வண்டிக்குப் போடுறது சார்.”

“இருக்கட்டும்.”

“வெறும் வண்டியா போகும்போது தூக்கித் தூக்கிப் போடும்.”

“அடுப்பு ஏறினா அடங்கிடும்ல?”

“அடுப்பு ஏறுற வரைக்கும் நீங்க இருக்கணுமே சார்.”

தடித்த இரும்பு வீல், அதன் மேல் கல்லுக்குச் சமமான டயர். தூக்கி விட்ட பாடியை இறக்கி, பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, அவர் கடைக்கு ஓட்டிப் போனார். வழியில் அவருடைய பற்களில் எது எது ஆடுகிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. அன்று ஒரு துணிக் கடையின் முகப்புக் கண்ணாடியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழக்கம் போலக் கம்பளி சுற்றி, சாய்வுச் சட்டத்தில் கட்டி, ஆமை வேகத்தில்தான் போனார். வேகத்தடை ஒன்றில் பின் சக்கரங்கள் ஏறி இறங்கின.

சத்தம் பெரிதாக இல்லை. தண்ணீரை ஊற்றியது போல ஒரு சத்தம்.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஏறி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராத முதல் கண்ணாடி. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் துண்டுகளைப் பொறுக்கவில்லை, திட்டவில்லை. கம்பளியைக் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டுத் திரும்பினார்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “விடுங்க. நல்லவேளை, கண்ணாடியோட போச்சு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அடுப்புக்குள்ள ரொட்டி வைக்குறதுக்குக் கல்லு பதிச்சிருக்குன்னு பாப்பா சொல்லுவாளே. ஆட்டத்துல அது விரிஞ்சிடாதுல்ல?” என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லத் தோழி இடம் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் மகளின் போன் அடித்தது. மகள் அடுப்பின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேசினாள். பேசினாள் என்பதைவிட, கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் வந்தாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அடுப்பு வரணுமாம். அவளுக்கு இடத்த சும்மா போட்டு வைக்க முடியாதாம். இன்னொரு பொண்ணு அடுப்போட தயாரா நிக்கிறாளாம்.”

“இன்னும் ஒரே ஒரு தடவை டயர மட்டும்...”

“அப்பா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் போறது உங்களுக்குப் புடிக்கலைன்னா சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன். ஆனா பாவம், டயர் மேல பழிய போடாதீங்க.”

“என்ன பேச்சு இது?”

“லாரிக்குச் சொல்லட்டுமான்னு கேட்டா, வாக்குக் குடுத்திருக்கேன்னு சொல்றீங்க. நீங்களே கொண்டுவாங்கன்னா, டயர அளக்குறீங்க. நான் என்னதான்ப்பா நெனைக்கிறது?”

மனைவி இருவரையும் பார்த்தாள். “அவ கேக்குறதுல என்ன தப்பு? எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பகலில் மனைவி பேருந்து நிலையத்துக்கும் மகள் எங்கோ வெளியேயும் போயிருந்தார்கள். கண்ணாடிக்காரர் கடையைத் திறக்கவில்லை. கூடத்தில் அடுப்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டிவி அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்ததால், பார்ப்பதற்கு அடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுப்பின் மேல்கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே துவைத்து மடித்த துண்டுகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கீழ்க்கதவைத் திறந்தார். போர்வைகள். வீட்டுக்குள் ஒரு பொருள் எத்தனை நாள் இருந்தால் அது அலமாரி ஆகும் என்று அவர் யோசித்தார். கதவை மூடினார்.

மகள் சொன்னது மனதில் கிடந்து உறுத்தியது. இல்லை என்று சொல்லிவிடலாம், சொல்லியும் விட்டார். ஆனால் இல்லை என்பதை அவர் அளந்து பார்க்கவில்லை. இப்போது அளந்து பார்த்தார். பாப்பா போய்விட்டால் காலையில் வீட்டில் ரொட்டி வாசனை இருக்காது. செருப்பை மாட்டிக்கொண்டே “அப்பா, கதவ சாத்திக்குங்க” என்று கத்துகிற ஆள் இருக்காது. அவருடைய நகைச்சுவைக்குச் சிரிக்காமல் “ம்” என்று சொல்கிற ஆள் இருக்காது. இதையெல்லாம் நினைத்தபோது நெஞ்சில் ஏதோ ஒன்று, மட்கார்டில் டயர் உரசுவது போல உரசியது. ஆக, உண்மைதான். மண் ரோடும் எடைக் கணக்கும் சாக்கு. ஜன்னலை அளப்பது கண்ணாடி வெட்டுவதற்காக. வெட்டவே மனமில்லாதவன்தான் அளந்துகொண்டே இருப்பான். இத்தனை வயதுக்கு மேல் தன்னைப் பற்றி இப்படி ஒரு விஷயம் தெரிய வந்ததில் அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது, தன்னிடம் இவ்வளவு தந்திரம் இருக்கிறதா என்று.

எழுந்தார். அளவு நாடாவை மேசை மேல் வைத்துவிட்டு டயர் கடைக்குப் போனார்.

அவரைப் பார்த்ததும் விற்பனையாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டி வாங்கும்போது என்ன வீல் இருந்துதோ அதே வீல். என்ன டயர் இருந்துதோ அதே டயர். மாட்டுங்க.”

“அளக்க வேணாமா சார்?”

“வேணாம்.”

“அன்னிக்கு எடுத்து வச்சது இன்னும் அப்படியேதான் சார் இருக்கு.” விற்பனையாளர் அவற்றை உருட்டிக்கொண்டு வந்தார். “ஏனோ திரும்ப அடுக்கவே மனசு வரல.”

மாலையில் அவர் வீட்டுக்கு வந்து, மனைவி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றார்.

“மாட்டியாச்சு,” என்றார். “அப்புறம், ஒரு விஷயம். பாப்பா சொன்னது சரிதான். நான்தான் தள்ளிப் போட்டிருக்கேன். வேணும்னு பண்ணல. ஆனா பண்ணியிருக்கேன். அவ போறத எனக்குத் தாங்கிக்க முடியல போலிருக்கு.”

மனைவி காப்பியை ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஆவி போன பிறகும் ஆற்றினாள்.

“நீ அன்னிக்கே சொன்ன, ஆராய்ச்சிய ஆரம்பிக்காதீங்கன்னு. நான்தான் கேக்கல.”

“பரவால்ல,” என்றாள் அவள். “பெத்த மனசுன்னா அப்படித்தான் இருக்கும். உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்.” அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “ஸ்டெப்னியும் புதுசா? இல்ல அது மட்டும் பழைய...”

“ஸ்டெப்னி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நாளைக்குக் காலைல கெளம்புறோம்.”

அவள் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். கூடத்துக்குப் போய், அடுப்பின் மேல்கதவைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். ஏற்கெனவே மடித்திருந்தவற்றைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

காலையில் தெரு திரண்டு வந்தது. பலகையைச் சாய்த்து, கயிறு போட்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லி, யார் யோசனையையும் கேட்காமல் அடுப்பை ஏற்றினார்கள். கண்ணாடிக்காரர் தன்னிடமிருந்த கம்பளியையெல்லாம் சுற்றிக் கட்டினார். அடுப்பு ஆபரேஷனுக்குப் போகிற நோயாளி போல இருந்தது. மகள் அவர் பக்கத்தில் வந்து நின்று, கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

“தேங்க்ஸ்ப்பா.”

“அன்னிக்கு என்கிட்ட கேட்டியே...”

“விடுங்கப்பா.”

“இல்ல. நீ கேட்டது சரிதான்.”

அவள் அவர் தோளில் இருந்த கம்பளித் தூசியைத் தட்டிவிட்டாள். மனைவி விடுப்பு எடுத்துக்கொண்டு தானும் வருவதாகச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஊரை விட்டு வெளியேறும் முன் காற்றுப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஞ்சர் கடையில் நிறுத்தினார்கள். பஞ்சர் கடைக்காரர் வந்து ஒவ்வொரு டயராகக் காற்றுப் பிடித்தார். நாலாவது டயரில் நிமிர்ந்தார்.

“பழைய டயர்லாம் என்னண்ணே பண்ணீங்க?”

“அது அன்னிக்கே போயிடுச்சு. லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்க.”

பஞ்சர் கடைக்காரர் காற்றுக் குழாயைக் கீழே வைத்தார். “போயிடுச்சா?”

“அத வச்சுக்கிட்டு என்ன பண்றது?” கண்ணாடிக்காரர் கிரீஸ் படிந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனநிலையில் இருந்தார். மனதில் இருந்ததைச் சொல்லிவிட்ட மனிதரின் மனநிலை. “அலைச்சல் அலைச்சல்தான், இல்லைன்னு சொல்லல. மச்சான் பேச்சக் கேட்டு ஆடினேன், ஒரு கண்ணாடி போச்சு, பாப்பாகிட்ட பேச்சு வாங்கினேன். அதெல்லாம் என் புத்தி. ஆனா நீ மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னு வையி, இவ்வளவு எடையோட, பொண்டாட்டி புள்ளைய வச்சுக்கிட்டு, அந்தப் பழைய டயர்லயே கெளம்பியிருப்பேன். நடு ரோட்டுல வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? எங்க மூணு பேருக்கும் நீதான்ப்பா உயிர் குடுத்திருக்க.”

பஞ்சர் கடைக்காரர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. வண்டியின் முன் சீட்டில் மகள் போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் மனைவி மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, எதுவுமே இல்லாத ரோட்டை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது, முடியை ஒதுக்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

“இதுக்கு மேல என்னால முடியாதுண்ணே,” என்று பஞ்சர் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பழைய டயர்ல ஒரு குறையும் இல்ல; அக்காதான் நீங்க டயரக் காட்டினதுக்கு முந்தின நாளே வந்து, ‘சரியில்லன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடு தம்பி, பாப்பா இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும், மத்தத அவரே பாத்துக்குவாரு’ன்னு சொன்னாங்க.”